மீமானுடக் கொள்கையும் கிறிஸ்தவர் செய்யும் விசாரணையும்

மனிதன் தன் குறையைத் தானே அறிந்து அதனைத் தீர்க்க வழிதேடும் இயல்புடையன். கண் மங்கினவன் மூக்குக்கண்ணாடி அணிகின்றான். பல் விழுந்தவன் கட்டுப்பல் வைக்கின்றான். நோய் வருமுன் காக்கத் தன் பிள்ளைக்குத் தடுப்பூசி இடுவிக்கின்றான். இவற்றைப் பாவமென்று கூறுவார் இக்காலத்து அரியர். ஆயின் மேனாட்டார் சிலர் இவ்வளவில் அமையாது, குறை தீர்த்தல் போதாது, மனிதப் பிறப்பின் எல்லையையே கடத்தல் வேண்டுமென்று சொல்லத் தலைப்பட்டுள்ளனர். மூப்பும் மறதியும் சாக்காடும் மனிதனுக்கு இயல்பு அல்லவாம். அவை இன்னும் மருந்து காணப்படாத பிணிகளாம். யந்திரத்தாலும் மருந்தாலும் கருவிலேயே செய்யும் திருத்தத்தாலும் மனிதன் மனிதனின் மேம்பட்ட வேறொரு பொருளாதல் கூடுமாம். ஆங்கிலத்தில் டிரான்ஸ்ஹியூமனிசம் எனப்படும் இதனை யாம் மீமானுடக் கொள்கை என வழங்குதும். இதனைக் கிறிஸ்தவ சமயத்தார் எவ்வாறு ஆராய்கின்றனர் என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள். பிறர் சமயத்தார் விசாரணை சைவாசிரியருக்கு எற்றுக்கு எனின், அக்கொள்கை பிறந்த நாடுகள் அவர் நாடுகள். அதனொடு முதலில் வாதம் செய்தவரும் அவரே. அவ்வாதங்களுள் தலையாயதொன்று ஒரு பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்திலிருந்து தொடங்கியது. அதனைப் பின்னர்க் கூறுதும்.

முதற்கண் சொல்லை நோக்குக. பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தாலியக் கவியாகிய டாந்தே தம் பெருங்காவியத்தின் மூன்றாம் பாகமாகிய வானுலகப் பாகத்தின் முதற் காண்டத்திலே, மானுடத்தைக் கடத்தல் என்னும் பொருள்பட ஒரு வினைச்சொல்லைப் புதிதாகப் படைத்தார். 1814ஆம் ஆண்டில் அதனை ஆங்கிலத்திற் பெயர்த்த கேரி என்பார் அவ்விடத்து டிரான்ஸ்ஹியூமன் என்னும் சொல்லை வழங்கினார். டாந்தே அச்சொல்லாற் குறித்தது, வானை நோக்கி நின்ற ஆன்மா தன் முயற்சியானன்றித் தெய்வ அருளால் மேலே தூக்கப்படும் நிலையை. இனி, உயிர்நூற் புலவராகிய ஜூலியன் ஹக்ஸ்லி 1957இல் வெளியிட்ட ஒரு கட்டுரைத் தொகுதியிலே அதே சொல்லைத் தம் கொள்கைக்குப் பெயராக வைத்தார். அவர் 1946 தொடக்கம் 1948 வரை யுனெஸ்கோ சபைக்கு முதற் பணிப்பாளர் நாயகமாயிருந்தவர். 1959 தொடக்கம் 1962 வரை பிரித்தானிய இனமேம்பாட்டுச் சங்கத்தின் தலைவராயுமிருந்தார். இப்பின்னைய செய்தியை மனத்தில் வைத்துக்கொள்க, வேண்டப்படும். முன்னவர் வாயில் மனிதன் உயர்த்தப்படுகின்றான். பின்னவர் வாயில் மனிதன் தன்னைத்தானே உயர்த்திக்கொள்கின்றான். சொல் ஒன்றே, வினைமுதல் வேறாயிற்று. கிறிஸ்தவர் கூறும் தடைகள் பலவும் இவ்வேற்றுமையிலிருந்தே கிளைக்கின்றன.

இவை வெறுங்கனவென்று தள்ளுதற்கும் இடமில்லை. 1967ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அமெரிக்காவிலே பேராசிரியர் ஒருவருடைய உடல், பிற்காலத்து வைத்தியர் உயிர்ப்பிப்பர் என்னும் நம்பிக்கையோடு உறைகுளிரில் வைக்கப்பட்டது. அங்ஙனம் வைப்பிப்பார் இன்றும் உளர். 2012இல் ஷார்பாந்தியே, டௌட்னா என்னும் இரு பெண்மணிகள் பரம்பரை அலகுகளை வேண்டிய இடத்தில் வெட்டித் திருத்தும் உபாயத்தை வெளியிட்டு, 2020இல் நோபல் பரிசு பெற்றனர். 2018 நவம்பரில் ஹெ ஜியன்குயி என்னும் சீன விஞ்ஞானி, கருவிலேயே திருத்தப்பட்ட இரட்டைப் பெண்குழந்தைகள் பிறந்தனவென்று அறிவித்து உலகைத் திடுக்கிடச் செய்தார். மறு ஆண்டு முடிவில் அந்நாட்டு நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதித்தது. 2024 ஜனவரியில் நியூராலிங்க் என்னும் கம்பனியார், கழுத்துக்குக் கீழ் அசைவற்ற ஒருவருடைய மூளையிலே கருவியொன்றைப் பதித்தனர். அவர் நினைவினாலேயே கணினியை இயக்குகின்றார். ரே கர்ஸ்வைல் என்பவரோ, 2045ஆம் ஆண்டளவில் யந்திர அறிவும் மனித அறிவும் கலந்து ஒன்றாகும் என்று 2005இல் எழுதிய நூலிற் கணித்துள்ளார். ஆண்டுக்கணக்குக் கூறும் இத்தகைய ஆரூடங்களில் எமக்கு நம்பிக்கை குறைவு.

கிறிஸ்தவர் அனைவரும் இதனை ஒருமுகமாக எதிர்க்கின்றனர் என்று எண்ணற்க. எதிர்ப்பார்க்கு முன்னரே வரவேற்றாரும் அவருள் உளர். ருஷ்ய தேசத்திலே மொஸ்கோ நகரத்து நூல்நிலையமொன்றிற் பணிபுரிந்த நிக்கொலாய் பியோதரொவ் (1829–1903) என்னும் ஏழைத் துறவியொத்த பெரியார் ஒருவர் இருந்தார். ஓர்த்தடொக்ஸ் திருச்சபையில் ஆழ்ந்த பற்றுடையவர். மரித்தோர் உயிர்த்தெழுவர் என்று திருச்சபை கூறுவதை அவர் காத்திருந்து காணும் காட்சியாகக் கொள்ளாது, மனிதர் கூடிச்செய்யவேண்டிய கடமையாகக் கொண்டார். பிள்ளைகள் விஞ்ஞானத்தாலே தம் தந்தையரை உயிர்ப்பித்தல் வேண்டும். அதுவே மனிதகுலத்தின் பொதுப்பணி என்றார். இது பித்தர் கூற்றுப்போலத் தோன்றும். ஆயினும் அவர் கருத்தில் ஒரு நேர்மையைக் காண்கின்றேம். இக்காலத்து மீமானுடர் பெரும்பாலும் தாம் சாவாதிருத்தலையே வேண்டுவர். அவரோ தமக்கென்று யாதும் வேண்டாது, தமக்குமுன் இறந்தாரெல்லார்க்கும் பட்ட கடனைத் தீர்க்க வேண்டினார். பிதிர்க்கடன் என்னும் சொல்லை அறிந்த நமக்கு அது முற்றும் அந்நியமன்று.

பிரான்சிய யேசுசபைக் குருவாகிய தெயார் த சார்தென் (1881–1955), உலகம் படிப்படியாக விரிந்து கிறிஸ்துவை நோக்கிச் செல்கின்றதென்றும் மனிதனின் கலைநுட்பங்களும் அச்செலவின் பகுதியே என்றும் எழுதினார். அவர் நூல் அவர் இறந்த பின்னரே வெளிவந்தது. 1962இல் உரோமாபுரியார் அவர் நூல்களைப் பற்றி எச்சரிக்கையும் விடுத்தனர். லூத்தரன் சபையைச் சார்ந்த பிலிப் ஹெப்னர் 1993இல் எழுதிய நூலில், மனிதன் படைக்கப்பட்டவனாயிருந்தும் படைப்பில் உடனுழைப்பவன் என்றார். அமெரிக்காவில் மோர்மன் சமயத்தார் சிலர் 2006இல் மீமானுடச் சங்கமொன்றே தாபித்தனர்.

அன்றியும், இவர் சார்பில் ஒரு வலிய நியாயமுண்டு. மனிதன் தேவனைப்போலாக விரும்புவது பாவம், ஆதித்தாய் கனியைப் பறித்ததும் அவ்விருப்பத்தாலன்றோ என்று எளிதிற் சொல்லிவிடுவார் உளர். எம் இளமையிற் கற்ற மிஷன் பாடசாலையில் ஞாயிறுதோறும் அவ்வண்ணமே கேட்டிருக்கின்றேம். ஆனால் நான்காம் நூற்றாண்டினராகிய அலெக்சாந்திரியா நகர அத்தனாசியார் முதலிய அவர்தம் பழைய ஆசாரியர்களே, கடவுள் மனிதரானதன் நோக்கம் மனிதன் தெய்விகத் தன்மை பெறுதல் என்று போதித்தனர். கீழைத்தேசத் திருச்சபை இன்றும் அதனைத் தன் நடுநாயகக் கோட்பாடாகப் போற்றுகின்றது. ஆகவே உயர விரும்புதல் அவர் மதத்துக் குற்றமன்று. குற்றம் எங்குளதெனின், கொடையாகப் பெறவேண்டியதைப் பறித்துக்கொள்ளக் கைநீட்டும் இடத்து உளதென்பர். இவ்விடை ஒருவாறு பொருந்தும். எனினும் முற்றாகத் திருப்திதருவதன்று. மருந்தும் மனிதன் கைநீட்டிப் பெற்றதேயாகலின், எது கொடை எது பறிப்பு என்பது ஒவ்வொரு வழக்கிலும் திரும்ப வினவப்படும்.

இனி உடம்பைப் பற்றிய வாதம். 1929இல் பெர்னல் என்னும் விஞ்ஞானி, கிறிஸ்தவர் ஞானஸ்நானத்தின்போது விட்டுவிடுவதாகச் சொல்லும் மூன்று பகைகளாகிய உலகம், மாமிசம், பிசாசு என்பவற்றையே பெயராக வைத்து ஒரு சிறுநூல் எழுதினார். உடலை நீக்கி மூளையை மட்டும் ஒரு குழாயில் வைத்துக் காத்து, கருவிகளாற் காணவும் கேட்கவும் செய்யலாம் என்பது அதிலுள்ள ஒரு கற்பனை. இக்காலத்தார் அதனினும் ஒருபடி கடந்து, மூளையும் வேண்டா, அதிலுள்ள நினைவுகளைக் கணினிக்கு மாற்றிவிட்டால் ஆள் பிழைத்தான் என்கின்றனர். இங்கே கிறிஸ்தவர் கூறும் மறுப்புப் பலருக்கு வியப்பளிக்கும். சமயிகள் உடம்பை இழித்து ஆன்மாவைப் புகழ்வோர், விஞ்ஞானிகள் உடம்பையன்றி வேறறியாதார் என்றே பொதுமக்கள் எண்ணுவர். ஈண்டு நிலைமை தலைகீழாயிற்று. இரண்டாம் நூற்றாண்டிலே, உடம்பு தீய தெய்வத்தின் ஆக்கம், ஞானத்தால் அதனினின்றும் தப்புதலே வீடு என்று போதித்த ஒரு கூட்டத்தாரை லியோன் நகரத்து ஆயர் இரேனேயு விரிவாக மறுத்து எழுதினார். உடம்பு நல்லது, அதுவும் உயிர்த்தெழும் என்பது அவர் கட்சி. இன்று கிறிஸ்தவ தத்துவர் அப்பழைய வாதத்தையே எடுத்து, நினைவுத் தொகுதியே மனிதன் என்பாரை மறுக்கின்றனர். தாயின் மடியில் வளர்ந்ததும், பசித்ததும், நோயாளியின் கையைப் பிடித்திருந்ததும் ஆகிய உடம்பின்றி அம்மனிதன் எங்ஙனம் அவனாவான் என்பது அவர் வினா. உடம்பை வினைக்கீடாக வந்த கருவியென்று கொள்ளும் நம்மவர் இதனை அவர் கூறும் வண்ணமே ஏற்றல் இயலாதெனினும், கருவியின்றி உயிர்க்கு அறிவு விளங்காது என்னுமளவில் மீமானுடரினும் அவர்க்கே அணியராய் நிற்கின்றோம்.

சாவைப் பற்றியோ அவர் கூறுவது இன்னும் கூர்மையானது. ஆதிமனிதர் வாழ்வின் மரத்தை அணுகாதபடி தோட்டத்தினின்றும் துரத்தப்பட்ட கதையைத் தண்டனையாக மட்டும் கொள்ளாது, இரக்கமாகவும் கொண்டார் இரேனேயு. நசியான்சு நகரத்துக் கிரகோரியாரும் அவ்வாறே கூறினார். பாவம் சாவாமை பெறாதவாறு சாவு இடையில் வந்து அதனை வெட்டிற்று என்பது அவர் கருத்து. கொடுங்கோலன் ஒருவனைப் பற்றி நினைத்துப் பார்மின். படையும் சிறையும் அசைக்க மாட்டாத எத்தனை கொடியவரை மூப்பு ஒன்றே ஆசனத்திலிருந்து இறக்கியிருக்கின்றது! ஆயுளை நீட்டும் மருந்து ஒன்று வருமாயின், அதனை முதலில் வாங்குவார் யாவர் என்று சொல்லவும் வேண்டுமோ?

நிற்க. நோய்தீர்த்தலில் கிறிஸ்தவர் தயங்கினரல்லர். நான்காம் நூற்றாண்டிலே செசாரியா நகரத்து பசிலியார் நோயாளர்க்கும் ஏழைகட்கும் பெரிய விடுதி அமைத்தார். மருத்துவம் பத்திக்கு ஒத்ததோ என்று துறவியர் வினவியதற்கு, அதுவும் கடவுள் தந்த கலையே, ஆயின் முழுநம்பிக்கையையும் அதில் வைத்தலாகாது என்று விடையிறுத்தார். நம் மானிப்பாயில் வைத்தியம் செய்த அமெரிக்க மிஷன் கிறீன் வைத்தியர் 60க்கு மேற்பட்ட தமிழரை மேனாட்டு வைத்தியத்திற் பயிற்றியதும், வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கியதும் இம்மரபின் வழிவந்தனவே. பன்னிரண்டாம் பத்திநாத பாப்பரசர் 1957 நவம்பரில் மயக்கமருந்து வைத்தியர்கட்குக் கூறிய உரையில், உயிரைக் காத்தற்குச் சாதாரணமான உபாயங்களைக் கையாளுதல் கடமை, அசாதாரணமான உபாயங்களைக் கையாளுதல் கடமையன்று என்று வரையறுத்தார். உயிரை எவ்விலை கொடுத்தும் நீட்டவேண்டும் என்பது கிறிஸ்தவர் கொள்கையன்று என்பது இதனாற் பெறப்படும். 2008இல் வெளியான வத்திக்கான் அறிக்கையொன்று, நோயாளன் ஒருவனுடைய உடலளவில் நிற்கும் பரம்பரை அலகுச் சிகிச்சை கொள்கையளவில் ஏற்கத்தக்கது என்றும், சந்ததிக்குச் செல்லும் திருத்தம் இப்போதைய நிலையில் தகாது என்றும், நோய்தீர்த்தலன்றிக் குலத்தை மேம்படுத்தக் கருதிச் செய்வது விலக்கத்தக்கது என்றும் பாகுபாடு செய்தது.

நோய்தீர்த்தல் வேறு, மேம்படுத்தல் வேறு என்னும் இவ்வரம்பு நில்லாது என்று மீமானுடர் நகைப்பர். தடுப்பூசி எந்நோயைத் தீர்த்தது? இல்லாத வலிமையையன்றோ உடலுக்கு ஊட்டிற்று? இத்தடை உண்மையானதே. ஆயினும் அந்திப்பொழுது உண்டென்பதனாற் பகலும் இரவும் ஒன்றாய்விடா. ஐயத்துக்கிடமான வழக்குகள் சில உள என்பது, ஐயமற்ற வழக்குகளிலும் வரம்பில்லை என்பதற்குச் சான்றாகாது.

இனி முன்னர்க் கூறிய பாடப்புத்தகத்துக்கு வருவோம். இரண்டாம் உலகயுத்தம் நடந்துகொண்டிருந்த 1943 பெப்ரவரியில், ஒக்ஸ்போர்ட் ஆசிரியராகிய லூயிஸ் என்பவர் டர்ஹம் சர்வகலாசாலையின் சார்பாக நியூகாசில் நகரில் மூன்று விரிவுரைகள் நிகழ்த்தினார். அவை மனிதனின் ஒழிப்பு என்னும் பொருள்படும் பெயரோடு அவ்வாண்டே நூலாயின. மேல்வகுப்பு மாணாக்கர்க்கென இருவர் எழுதிய ஆங்கிலப் பாடநூலொன்றை அவர் எடுத்துக்கொண்டார்; ஆசிரியர் பெயரையும் நூலின் பெயரையும் மறைத்தே பேசினார். அப்பண்பாடு இக்காலத்துக் கண்டனக்காரர்க்கு இல்லை. ஓர் அருவியைக் கண்டு ஒருவன் மாண்புடையது என்றால், அவன் அருவியைப் பற்றி ஒன்றும் கூறினானல்லன், தன் உணர்ச்சியைப் பற்றியே கூறினான் என்று அப்பாடநூல் போதித்ததாம். சிறு விஷயம். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை இதனைக் கற்று மறந்தபின்னும், நன்மை அழகு என்பனவெல்லாம் உள்ளே தோன்றும் கிளர்ச்சிகளே, உலகத்தில் அவற்றுக்கு நிலையில்லை என்னும் எண்ணம் அவனுள்ளே வேரூன்றிவிடும் என்றார் லூயிஸ். அங்ஙனம் வளர்ந்தவர் கையில் மனிதனையே மாற்றும் ஆற்றல் வந்தால் என்னாகும் என்பதே மூன்றாம் விரிவுரை.

அவர் காட்டும் நியாயம் இது. இயற்கையை மனிதன் வென்றான் என்கின்றோம். ஆகாயவிமானமும் வானொலியும் கருத்தடையும் அவர் எடுத்த உதாரணங்கள். உண்மையில் வென்றது மனிதகுலமன்று. சில மனிதர், இயற்கையைக் கருவியாகக்கொண்டு, வேறு சில மனிதர்மேல் அதிகாரம் பெறுகின்றனர். பிறவாத சந்ததியாரையும் இதிற் சேர்த்தல் வேண்டும். ஒரு தலைமுறையார் பின்வருவாரைத் தம் விருப்பப்படி வார்ப்பாராயின், பின்வந்தார் முன்னையாரினும் வலியராகார். அவர் கைப்பட்ட பொருளேயாவர். மேலும், நன்மையென்பது வெறும் உணர்ச்சியென்று கொண்டார்க்கு, எவ்வகை மனிதரை ஆக்கவேண்டும் என்று தெரிந்தெடுத்தற்கு யாது அளவுகோல் உளது? தமக்கு அன்று தோன்றும் விருப்பமே. விருப்பமோ இயற்கையினின்று வருவது. ஆகவே இயற்கையை வென்றோமென்ற முடிவில், இயற்கையே அவர் வாயிலாக மனிதனை வென்றதாக முடியும்.

லூயிஸ் கிறிஸ்தவத்தில் உறுதியுடையவராயிருந்தும் இவ்விரிவுரைகளில் விவிலியத்தைப் பிரமாணமாகக் காட்டி வாதித்தாரல்லர். எல்லா நாட்டாரும் ஒப்பிய அறநெறி ஒன்றுண்டு என்று கொண்டு, அதற்குச் சீனச்சொல்லாகிய தாவோ என்பதை வழங்கினார். நூலின் இறுதியில் யூதர், கிரேக்கர், சீனர், எகிப்தியர் நூல்களோடு இந்துக்கள் நூல்களிலிருந்தும் வாக்கியங்களைத் திரட்டிச் சேர்த்தார். இது எம்மைப்போல்வார்க்கு மகிழ்ச்சிதரும் செய்தி. மிஷனரிமாருட் சிலர் ஒருகாலத்தில் நம் அறநூல்களைப் பற்றி எழுதியவற்றை நினைவுகூர்வார்க்கு அம்மகிழ்ச்சி இருமடங்காகும்.

அற்றேல், தந்தையும் ஆசிரியனும் பிள்ளையை வார்ப்பதில்லையோ? அஃது அதிகாரமன்றோ? எனின், அன்று என்போம். எழுத்தைத் திருத்திக் கொடுக்கும் ஆசிரியன், தானும் அவ்வெழுத்திலக்கணத்துக்கு அடங்கியே நிற்கின்றான். பொய் சொல்லாதே என்பவன் தான் பொய்சொன்னால் மாணாக்கனாலேயே இகழப்படுவான். வளர்ந்த மாணாக்கன் ஆசிரியன் கற்பித்ததை ஆராய்ந்து தள்ளவுங்கூடும். தள்ளியவர் பலரை யாம் அறிவோம். கருவிலே மாற்றப்பட்டவன் அம்மாற்றத்தோடு வழக்காட இயலாது. தன் பிள்ளைகட்கும் அதனைக் கொடுத்தே தீர்வான்.

இவையெல்லாம் ஊகமென்று தள்ளுவார்க்கு, நிகழ்ந்ததொன்றைக் காட்டுதல் வேண்டும். ஹக்ஸ்லி தலைமைதாங்கிய இனமேம்பாட்டுக் கொள்கை, மனிதரில் தக்கவரைப் பெருக்கித் தகாதவரைக் குறைத்தல் என்பதாம். இதில் கிறிஸ்தவர் அனைவரும் தூய கையினர் என்று சொல்லுதற்கில்லை. இலண்டன் தூய பவுல் பேராலயத்துத் தலைமைக் குருவாயிருந்த இங்ஜ் அதன் ஆதரவாளர். 1926இல் அமெரிக்க இனமேம்பாட்டுச் சங்கத்தார் அக்கொள்கையைப் போற்றும் பிரசங்கங்கட்குப் பரிசுப்போட்டி வைத்தபோது பாதிரிமார் பலர் எழுதி அனுப்பினர். எதிர்த்தவரும் உளர். செஸ்டர்டன் 1922இல் அதனைத் தீமையென்று ஒரு நூலே எழுதினார். 1927இல் ஐக்கிய அமெரிக்க உயர்நீதிமன்றத்தார், அறிவு குறைந்தவள் என்று குறிக்கப்பட்ட ஒரு பெண்ணை மலடாக்குதல் சட்டத்துக்கு ஒத்ததே என்று தீர்த்தனர். ஒன்பது நீதிபதிகளுள் எண்மர் ஒருப்பட்டனர். மாறுபட்ட ஒருவர் கத்தோலிக்கராகிய பட்லர். 1930 டிசம்பரில் பதினோராம் பத்திநாத பாப்பரசர் அக்கொள்கையைக் கண்டித்துச் சுற்றுமடல் விடுத்தார். எனினும் அந்நாட்டில் 60,000 பேருக்கு மேல் அவ்வண்ணம் மலடாக்கப்பட்டனர். ஜெர்மனியில் 1933இல் சட்டம் வந்தது. 1939இல் கொலையே தொடங்கிற்று. சித்தசுவாதீனமற்றவரும் அங்கவீனருமாக 1941 ஆகஸ்டுக்குள் ஏறக்குறைய 70,000 பேர் அரசாங்கத்தாராற் கொல்லப்பட்டனர். அம்மாதம் 3ஆம் தேதி மூன்ஸ்டர் நகரத்து ஆயர் காலன், ஆலயப் பிரசங்கபீடத்தினின்று இக்கொலையை வெளிப்படையாகக் கண்டித்தார். உழைக்கமாட்டாதவனைக் கொல்லலாம் என்று ஒப்பினால், முதிர்ந்தபின் நம்மெல்லார்க்கும் அதுவே கதியாகும் என்பது அவர் காட்டிய நியாயம். அப்பிரசங்கம் எழுத்துப்பிரதிகளாக நாடெங்கும் பரவிற்று. சின்னாளில் அத்திட்டம் வெளிப்படையில் நிறுத்தப்பட்டது, மறைவில் தொடர்ந்தது.

இக்கால மீமானுடர், நாங்கள் எவரையும் வற்புறுத்துவதில்லை, அவரவர் விருப்பம் என்கின்றனர். நல்லது. ஆயினும் ஆசிரியராகிய நாம் நம் வகுப்பை நோக்குவோம். கடைசி வாங்கிலிருந்து மூன்றாம் வாய்பாட்டோடு ஓராண்டு போராடும் பிள்ளை எவ்வூர்ப் பாடசாலையிலும் உண்டு. அயல்வீட்டுப் பெற்றோர் தம் பிள்ளைக்கு நினைவாற்றலை விலைகொடுத்து வாங்கிய பின்னர், அப்பிள்ளையின் பெற்றோரை உலகம் எவ்வாறு பார்க்கும்? வாங்காதது அவர் குற்றமென்று பார்க்கும். ஒருவரும் வற்புறுத்தாமலே எல்லாரும் வற்புறுத்தப்படுவர். மனிதன் தேவசாயலிற் படைக்கப்பட்டான் என்னும் கிறிஸ்தவர் கோட்பாட்டின் பயன் இவ்விடத்தே காணப்படும். மதிப்பு ஆற்றலைப் பற்றி நிற்பதாயின் மிகும், குறையும். படைப்பைப் பற்றி நிற்பதாயின் அப்பிள்ளைக்கும் முதன்மாணாக்கனுக்கும் வேற்றுமையில்லை.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரிவாள்வடிவச் சிவப்பணு நோய்க்குப் பரம்பரை அலகைத் திருத்திச் செய்யும் சிகிச்சை 2023இன் இறுதியில் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் அநுமதிபெற்றது. இது மேம்படுத்தலன்று, மெய்யான நோய்தீர்த்தல், கிறிஸ்தவர் எவரும் பழிக்கத்தக்கதன்று. அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டொலர். அந்நோயாளரிற் பெரும்பாலார் வாழ்வது ஆபிரிக்காவில்.

செயற்கை நுண்ணறிவைக் குறித்தும் திருச்சபையார் அண்மையிற் பேசிவருகின்றனர். 2020 பெப்ரவரியில் வத்திக்கான் உயிர்நலக் கழகத்தார் மைக்ரோசாப்ட், ஐபிஎம் என்னும் கம்பனிகளோடு கூடி ஓர் அறநெறி அறிக்கையிற் கையொப்பமிட்டனர். கம்பனிகள் கையொப்பமிடும் அறநெறி எவ்வளவு பிணிக்கும் என்பது வேறு. 2025 ஜனவரியில் வெளியான அறிக்கை இன்னும் ஆழமானது. யந்திரம் காரியத்தைச் செய்து முடிக்கும். மனித அறிவோ உடம்போடும் உறவோடும் உண்மையை நாடும் விருப்பத்தோடும் கூடியது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து மயங்கற்க என்பது அதன் சாரம். அவ்வாண்டு மே மாதத்திற் பதவியேற்ற பாப்பரசர், தாம் பதினான்காம் லியோ என்னும் பெயரைக் கொண்டதற்கு, 1891இல் தொழிலாளர் உரிமைபற்றிச் சுற்றுமடல் விடுத்த பதின்மூன்றாம் லியோவையும், இக்காலத்து நுண்ணறிவு யந்திரப் புரட்சியையும் காரணமாகக் கூறினார். மாணாக்கன் வீட்டுப்பாடத்தை யந்திரத்தைக் கொண்டு எழுதிவருவதை நாடோறும் காணும் ஆசிரியர்க்கு இது தொலைதூரச் செய்தியன்று.

ஆயினும், அறிக்கைகளினும் எம்மைக் கவர்ந்தது அமெரிக்காவிலே பென்சில்வேனியா முதலிய இடங்களில் வாழும் அமிஷ் என்னும் கிறிஸ்தவ வேளாளர் கூட்டத்தின் ஒழுக்கம். அவரைப் பழைமையில் உறைந்தவர் என்று பலர் நகைப்பர். அது பிழை. அவர் ஒரு புதுக்கருவியைக் காணும்போது, இது வேலையை எளிதாக்குமோ என்று மட்டும் வினவுவதில்லை. இது நம் குடும்பத்தையும் ஊரையும் என்ன செய்யும் என்று சபையாகக் கூடி வினவுகின்றனர். 1910ஆம் ஆண்டளவில் இலங்காஸ்டர் பகுதியில் தொலைபேசியைப் பற்றி அவருள் பெரிய விவாதம் நிகழ்ந்தது. வீட்டுக்குள் வேண்டா என்று துணிந்தனர். ஆனால் வைத்தியரையும் தீயணைப்பாரையும் அழைக்க வேண்டுமே. ஆகவே பிற்காலத்தில் தெருவோரத்துச் சிறு குடிலொன்றில் வைத்துப் பல வீட்டார் பொதுவாக வழங்கினர். கருவியை நடந்துபோய் எடுத்தல் வேண்டும். அஃது உண்ணும் இடத்துக்குத் தானே வந்து மணியடித்தலாகாது. ஒவ்வோர் ஊர்ச்சபையும் தன் கட்டளையைத் தானே வகுப்பதால் ஓரிடத்து விலக்கப்பட்டது வேறோரிடத்து ஏற்கப்படும். அவர் துணிபுகள் எல்லாம் எமக்கு உடன்பாடல்ல; பிள்ளைகளின் படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்தும் வழக்கத்தை எவ்வாசிரியன் மெச்சுவான்?

எனினும் இம்மக்களிடையே சில பரம்பரை நோய்கள் மிகுதி. நெடுங்காலம் தமக்குள்ளேயே மணஞ்செய்ததே அதற்குக் காரணம். அவற்றுள் ஒன்று, பிறந்தபோது குறையின்றித் தோன்றும் குழந்தையை இரண்டாண்டுக்குள் ஒரு சிறு காய்ச்சலின்போது மூளைபாதித்து அசைவற்றதாக்கிவிடும். ஹோம்ஸ் மோர்ட்டன் என்னும் வைத்தியரும் அவர் மனைவியாரும் 1989இல் இலங்காஸ்டர் பகுதியில் இக்குழந்தைகட்கென ஒரு வைத்தியசாலை தாபித்தனர். பிறந்த உடனே இரத்தத்தையும் பரம்பரை அலகையும் சோதித்தறிந்து, உணவை அளவறிந்து ஊட்டிக் காத்தால், அக்குழந்தைகளிற் பலர் ஓடி விளையாடுகின்றனர். வீட்டுக்கு மின்கம்பி இழுக்க ஒப்பாத அம்மக்கள், உலகத்து மிக நுண்ணிய பரம்பரை அலகுச் சோதனைகளுட் சிலவற்றைத் தம் பிள்ளைகட்குச் செய்விக்கத் தயங்கவில்லை. அவ்வைத்தியசாலையின் மரக்கட்டடத்தைத் தானியக் களஞ்சியம் எழுப்புவதுபோல ஊராகக் கூடித் தம் கையாலேயே எழுப்பினர். அதன் செலவில் ஒரு பகுதிக்குத் தாம் தைத்த போர்வைகளும் செய்த மரச்சாமான்களும் முதலியவற்றை ஆண்டுதோறும் ஏலத்தில் விற்றுப் பொருள் திரட்டுகின்றனர்.